பாதுகாக்கச் சென்றவர்கள் விட்டுச் சென்ற லிபியா

புது தில்லி: உள்நாட்டுப் போர் மூண்ட ஒரு நாட்டில் வல்லரசு ஒன்று படைபலத்துடன் தலையிடலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தத்தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டும் நாடு லிபியா. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதியுடன் தொடங்கி, அந்த அனுமதியின் எல்லையைக் கடந்து முடிந்த போர் அது.

2011-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் தேதி அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகள் லிபியா மீது வான்வழித் தாக்குதலைத் தொடங்கின. ஏழு மாதங்களில் முயம்மர் கடாஃபியின் 42 ஆண்டுகால ஆட்சி வீழ்ந்தது; அவரும் கொல்லப்பட்டார். ஆனால், அந்த ஆட்சி இருந்த இடத்தில் நாடு முழுவதையும் ஆளும் அரசு ஒன்று இன்றளவும் அமையவில்லை. மேற்கே திரிபோலியில் ஓர் அரசும் கிழக்கே மற்றோர் அரசும் அதிகாரம் செலுத்தி வருகின்றன.

தீர்மானம் கூறியது என்ன?

2011 பிப்ரவரியில் பெங்காசி நகரில் தொடங்கிய மக்கள் போராட்டத்தை கடாஃபி அரசு துப்பாக்கி முனையில் ஒடுக்க முயன்றது. சில நாள்களில் அது ஆயுதக் கிளர்ச்சியாக மாறியது. பிப்ரவரி 26-இல் பாதுகாப்பு கவுன்சில் ஒருமனதாக நிறைவேற்றிய 1970-ஆவது தீர்மானம், லிபியாவுக்கு ஆயுதம் வழங்கத் தடை விதித்ததுடன், விவகாரத்தை சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கும் அனுப்பியது.

அடுத்து, மார்ச் 17-இல் 1973-ஆவது தீர்மானம் நிறைவேறியது. 10 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. இந்தியா, பிரேசில், ஜெர்மனி, ரஷியா, சீனா ஆகிய ஐந்து நாடுகள் வாக்களிப்பதைத் தவிர்த்தன. தாக்குதல் அபாயத்தில் உள்ள பொதுமக்களைப் பாதுகாக்கத் தேவையான அனைத்து நடவடிக்கைகளையும் எடுக்கலாம் என்பதே அதன் சாரம். வெளிநாட்டு ஆக்கிரமிப்புப் படை எந்த வடிவிலும் நுழையக் கூடாது என்றும், போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் தேவை என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. கடாஃபியைப் பதவியிலிருந்து அகற்ற வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

அப்போது கவுன்சிலின் தற்காலிக உறுப்பினராக இருந்த இந்தியா தனது தயக்கத்துக்கான காரணத்தை அவையிலேயே விளக்கியது. களநிலவரம் குறித்து நம்பத்தகுந்த தகவல்கள் போதுமான அளவில் இல்லை. நடவடிக்கையை யார், எவ்வாறு செயல்படுத்துவார்கள் என்பதிலும் தெளிவில்லை என்பதே அந்த விளக்கம். பின்னர் நடந்தவை அந்த ஐயத்தை உறுதிப்படுத்தின.

நோக்கம் மாறிய விதம்

தாக்குதலின் முதல் நாளில் மட்டும் அமெரிக்க, பிரிட்டன் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் 110-க்கும் மேற்பட்ட டோமஹாக் ஏவுகணைகளை ஏவின. பெங்காசியை நெருங்கிக் கொண்டிருந்த கடாஃபியின் படைப்பிரிவுகள் தாக்கி அழிக்கப்பட்டன. தலையீட்டுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட உடனடி ஆபத்து சில நாள்களிலேயே விலகியது.

மார்ச் 28-இல் நாட்டு மக்களிடம் உரையாற்றிய அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா, ராணுவ நடவடிக்கையின் நோக்கத்தை ஆட்சி மாற்றம் வரை விரிவுபடுத்துவது தவறாகிவிடும் என்றார். ஆனால், ஏப்ரல் நடுப்பகுதியில் அவரும் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனும் பிரான்ஸ் அதிபர் நிக்கோலஸ் சர்க்கோசியும் இணைந்து எழுதிய கட்டுரையில், கடாஃபி பதவியில் நீடிக்கும் லிபியாவின் எதிர்காலத்தை எண்ணிப் பார்க்கவே முடியாது என்ற நிலைப்பாடு வெளிப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் மூன்று வாரங்களுக்கும் குறைவு.

இந்த இடைவெளியில் சமரசத்துக்கான வாய்ப்பு ஒன்றும் கைநழுவியது. தென்னாப்பிரிக்க அதிபர் ஜேக்கப் ஜூமா உள்ளிட்ட ஆப்பிரிக்க ஒன்றியத் தூதுக் குழுவினர் ஏப்ரல் 10-இல் திரிபோலி சென்றனர். அவர்களின் அமைதித் திட்டத்தை கடாஃபி ஏற்றதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் பெங்காசியில் கிளர்ச்சியாளர்கள் அதை நிராகரித்தனர். கடாஃபி விலகுவது அதில் நிபந்தனையாக இல்லை என்பது அவர்களின் வாதம். கடாஃபியின் சொல்லை நம்பியிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஆனால், வானில் ஒரு வல்லரசுக் கூட்டணி தமக்காகப் போரிடும்போது, பேச்சுவார்த்தை மேசையில் அமர எந்தக் கிளர்ச்சிப் படைக்கும் காரணம் இருப்பதில்லை. பொதுமக்களைக் காக்க வந்த படை, உள்நாட்டுப் போரில் ஒரு தரப்பின் விமானப் படையாக மாறும்போது நிகழ்வது இதுதான்.

ஆயுதத் தடையும் ஏட்டளவில் நின்றது. நஃபூசா மலைப்பகுதியில் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதங்களை வானிலிருந்து இறக்கியதை ஜூன் மாதத்தில் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. அக்டோபர் 20-இல் சிர்ட் நகரிலிருந்து தப்பிச் செல்ல முயன்ற கடாஃபியின் வாகன அணிவகுப்பை நேட்டோ விமானங்கள் தாக்கின. அதன்பின் கிளர்ச்சியாளர்களிடம் பிடிபட்ட அவர் உயிரிழந்தார்.

கேள்வி கேட்கப்படாத போர்

அமெரிக்காவிலும் இந்தப் போருக்கு மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதல் கிடைக்கவில்லை. வியத்நாம் போரின் அனுபவத்தால் 1973-இல் இயற்றப்பட்ட போர் அதிகாரச் சட்டத்தின்படி, நாடாளுமன்ற ஒப்புதலின்றி 60 நாள்களுக்கு மேல் அதிபர் போரைத் தொடர இயலாது. அந்தக் காலக்கெடு மே மாதத்தில் முடிந்தது. தரைப்படை இறங்கவில்லை, அமெரிக்க வீரர்களின் உயிருக்குப் பெரிய ஆபத்தும் இல்லை. ஆகவே சட்டம் குறிப்பிடும் போர்ச்செயல் என்ற வரையறைக்குள் இது வராது என்று ஒபாமா நிர்வாகம் விளக்கமளித்தது.

ஜூன் 24-இல் நடவடிக்கைக்கு ஒப்புதல் அளிக்கும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை 295-க்கு 123 என்ற வாக்குகளில் தோற்கடித்தது. அதே நாளில், நிதியைக் கட்டுப்படுத்தும் மசோதாவும் தோற்றது. அனுமதிக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. போர் மட்டும் தொடர்ந்தது.

இந்த விளக்கத்தில் ஓர் ஆழ்ந்த ஆபத்து உள்ளது. தாக்குபவருக்கு உயிரிழப்பு இல்லையென்றால் அது போரே ஆகாது என்ற நிலை ஏற்பட்டால், ஆளில்லா விமானங்களும் ஏவுகணைகளும் வைத்திருக்கும் நாடு தன் மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகும். கீழே இருப்பவர்களுக்கு அது போர்தான். நேட்டோவின் எட்டுத் தாக்குதல்களில் மட்டும் 72 பொதுமக்கள் உயிரிழந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2012-இல் பதிவு செய்தது.

எல்லை கடந்த விளைவுகள்

கடாஃபியின் ஆயுதக் கிடங்குகள் காவலின்றித் திறந்து கிடந்தன. அவரது படையில் பணியாற்றிய துவாரெக் இனப் போராளிகள் ஆயுதங்களுடன் மாலி திரும்பினர். 2012 தொடக்கத்தில் அங்கு கிளர்ச்சி மூண்டது. மார்ச்சில் ராணுவப் புரட்சி நடந்தது. நாட்டின் வடபகுதி தீவிரவாதக் குழுக்களின் வசமானது. 2013 ஜனவரியில் பிரான்ஸ் அங்கும் படையனுப்ப நேர்ந்தது. ஒரு தலையீட்டின் விளைவு அடுத்த தலையீட்டுக்குக் காரணமானது.

லிபியாவுக்குள் 2012 செப்டம்பர் 11-இல் பெங்காசியில் நடந்த தாக்குதலில் அமெரிக்கத் தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ் உள்ளிட்ட நால்வர் கொல்லப்பட்டனர். 2014-இல் மீண்டும் உள்நாட்டுப் போர் வெடித்தது. 2015-இல் சிர்ட் நகரைக் கைப்பற்றிய ஐ.எஸ். அமைப்பை வெளியேற்ற, மறு ஆண்டில் அமெரிக்கா அங்கு மீண்டும் குண்டு வீசியது. 2019 ஏப்ரலில் கிழக்குப் பகுதித் தளபதி கலீஃபா ஹஃப்தார் திரிபோலி மீது படையெடுத்தபோது ரஷியக் கூலிப்படையினரும் ஐக்கிய அரபு அமீரகமும் ஒருபுறமும், துருக்கி மறுபுறமும் நின்றன. 2020 அக்டோபரில் போர்நிறுத்தம் ஏற்பட்டாலும், 2021 டிசம்பர் 24-இல் நடைபெற வேண்டிய தேர்தல் நடைபெறவே இல்லை.

2023 செப்டம்பரில் டெர்னா நகருக்கு மேலிருந்த இரு அணைகள் புயல் மழையில் உடைந்து பல்லாயிரம் பேர் பலியாயினர். புயலுக்கு எந்த நாட்டையும் குறை கூற இயலாது. ஆனால், 1970-களில் கட்டப்பட்ட அந்த அணைகளைப் பராமரிக்கவும், மக்களை உரிய நேரத்தில் வெளியேற்றவும் வலுவான அரசு அங்கு இல்லை என்பதே உண்மை.

மறுதரப்பு வாதம்

தலையீட்டை ஆதரிப்போரின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1996-இல் திரிபோலியின் அபு சலீம் சிறையில் ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகள் கொல்லப்பட்டதாகக் கூறப்படும் வரலாறு கடாஃபி ஆட்சிக்கு உண்டு. பெங்காசியில் எதிர்த்து நிற்போருக்குக் கருணை காட்டப் போவதில்லை என்று அவரே வானொலியில் எச்சரித்தார். மிஸ்ராட்டா நகரம் அவரது படைகளின் முற்றுகையிலும் குண்டுவீச்சிலும் பல வாரங்கள் சிக்கித் தவித்தது.

எனினும், இந்த வாதம் முதல் சில நாள்களுக்குப் பொருந்துமே தவிர, அடுத்த ஏழு மாதங்களுக்குப் பொருந்தாது. பொதுமக்களுக்கு இருந்த அச்சுறுத்தல் மிகைப்படுத்தப்பட்டது என்றும், பாதுகாப்புக்கான வரம்புக்குட்பட்ட தலையீடு ஆட்சி மாற்றத்தை நோக்கி நழுவியது என்றும் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவே 2016 செப்டம்பரில் அறிக்கை அளித்தது.

தலையிடாமல் விட்டதால் சிரியா மேலும் மோசமாக அழிந்தது என்பது அடுத்த வாதம். ஆனால், சிரியா விவகாரத்தில் பாதுகாப்பு கவுன்சில் முடங்கியதற்கு லிபியாவும் ஒரு காரணம். 2011 அக்டோபர் 4-இல் சிரியா குறித்த தீர்மானத்தை ரஷியாவும் சீனாவும் வீட்டோ அதிகாரத்தால் தடுத்தன. லிபியாவில் நடந்தது மீண்டும் நடக்க அனுமதிக்க முடியாது என்பது ரஷியா முன்வைத்த காரணங்களில் ஒன்று. சிரியாவின் அதிபர் பஷார் அல் அசாத்தைக் காக்க ரஷியாவுக்குத் தன்னலம் சார்ந்த நோக்கங்களும் இருந்தன. ஆனால், அதற்கு வசதியான சாக்கை வழங்கியவை மேற்கத்திய நாடுகளே.

அணுஆயுதப் பரவல் தடை முயற்சியும் பாதிக்கப்பட்டது. 2003 டிசம்பரில் தனது அணுஆயுதத் திட்டத்தைக் கைவிட்ட நாடு லிபியா. எட்டு ஆண்டுகளில் அதற்கு நேர்ந்த கதியை வட கொரியா 2011 மார்ச்சிலேயே வெளிப்படையாகச் சுட்டிக்காட்டி, தன் அணுஆயுதக் கொள்கையை நியாயப்படுத்தியது.

இந்தியா முன்னுள்ள கேள்வி

போர் மூண்டபோது லிபியாவில் சுமார் 18,000 இந்தியர்கள் இருந்தனர். அவர்களில் 15,000-க்கும் அதிகமானோரை விமானங்கள், கப்பல்கள் மூலம் மத்திய அரசு தாயகம் அழைத்து வந்தது. தொலைதூர நாட்டின் உள்நாட்டுப் போர் இந்தியக் குடும்பங்களின் வருவாயையும் நேரடியாகப் பாதிக்கும் என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது.

வாக்களிப்பதைத் தவிர்த்த இந்தியாவின் முடிவு தொலைநோக்குடையது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஐந்து நாடுகள் ஒதுங்கி நின்றதால் ஒரு ஏவுகணையும் நின்றுவிடவில்லை. பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர இடம் கோரும் நாடு, தன் தயக்கத்தைப் பதிவு செய்வதுடன் மாற்று விதியையும் முன்வைக்க வேண்டும். 2011 நவம்பரில் பிரேசில் அத்தகைய முயற்சியை மேற்கொண்டது: பாதுகாக்கும் பொறுப்பை ஏற்பவர்கள், பாதுகாக்கும்போதும் பொறுப்புடன் நடக்க வேண்டும், அவர்களின் செயல்பாட்டைக் கவுன்சில் கண்காணிக்க வேண்டும் என்பது அதன் யோசனை. வல்லரசுகளின் ஆதரவின்றி அது விவாத அளவிலேயே நின்றது.

தனது பதவிக் காலத்தின் மிகப்பெரிய தவறு, லிபியாவில் கடாஃபிக்குப் பிந்தைய நிலைமைக்குத் திட்டமிடத் தவறியதாக இருக்கலாம் என்று ஒபாமா 2016-இல் ஒப்புக்கொண்டார். நேர்மையான ஒப்புதல்தான், ஆனால், அது பாதி உண்மையே. போருக்குப் பிந்தைய நாளைத் திட்டமிடாதது இரண்டாவது தவறு. பொதுமக்களைக் காக்க மட்டும் பெற்ற அனுமதியைக் கால வரம்பின்றி, கண்காணிப்பின்றி விரும்பிய வரை நீட்டியதே முதல் தவறு. அனுமதிக்குக் காலக்கெடு, கவுன்சிலிடம் முறையான அறிக்கை, நீட்டிப்புக்கு மறு வாக்கெடுப்பு ஆகிய மூன்றும் விதியாகாத வரை, அடுத்த தலையீட்டிலும் இதே தவறு நிகழ்வதைத் தடுக்க எதுவும் இல்லை.