முதலில் கதையைக் கேட்போம்

தமிழில் பேசும்போது ஒரு குடும்பத்தையே நிர்வகிப்பவர், கேலியும் கிண்டலுமாக ஆளை அசத்துபவர், ஆங்கிலத்துக்கு மாறியதும் சின்னப் பிள்ளையாகிவிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? "மை நேம் இஸ்...", "ஐ ஆம் ஃப்ரம்...", அத்தோடு சரி. அவரிடம் சொல்வதற்கு நிறையவே இருக்கிறது. ஆனால் பிழை பார்க்க ஆள் இருக்கும் அளவுக்கு, கேட்க ஆள் இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சமூக மன்றத்தில் பெரியவர்களுக்கான ஆங்கிலப் பேச்சு வகுப்பில் தொண்டூழியம் செய்கிறேன். திருமணமாகி சிங்கப்பூர் வந்த தமிழ்ப் பெண்கள், கட்டுமானத் துறையில் வேலை செய்யும் தம்பிகள், வியட்நாம், சீனாவிலிருந்து வந்தவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். 'வங்கியில்', 'விமான நிலையத்தில்' என்ற பாடப்புத்தக உரையாடல்களைக் குறைத்துக்கொண்டு, அவர்களுடைய நினைவுகளைப் பேச வைக்கிறோம். சொந்த நினைவைச் சொல்பவர் 'என்ன சொல்வது' என்று தேட வேண்டியதில்லை. 'எப்படிச் சொல்வது' என்பதில் மட்டும் கவனம் வைத்தால் போதும்.

பேசுவதற்கு முன் கேட்க வேண்டும். அதற்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் கைகொடுக்கின்றன. 1979இல் தொடங்கிய திட்டம் அது. கம்பத்து வாழ்க்கை, ஜப்பானியர் ஆட்சிக் காலம் என்று பலர் தங்கள் குரலிலேயே சொன்ன நினைவுகள் அதில் இருக்கின்றன. பலவற்றை இணையத்தில் கேட்கலாம். சிலவற்றுக்கு எழுத்து வடிவமும் உண்டு.

இரண்டு நிமிடத் துண்டு போதும். முதல் முறை கேட்கும்போது பேனாவைத் தொடக்கூடாது. யார் பேசுகிறார், எங்கே நடந்தது, குரலில் மகிழ்ச்சியா வருத்தமா என்று மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டாம் முறை, காதில் விழுந்த ஐந்து சொற்களை எழுதலாம். மூன்றாம் முறை எழுத்து வடிவத்தைப் பார்த்தபடி கேட்கலாம். பதிவில் பேசுபவர்களும் தயங்குவார்கள், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். கற்பவர்களுக்கு அதுவே ஒரு தெம்பு.

பிறகு அவர்கள் முறை. தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் பல வாரங்கள் வாயே திறக்கவில்லை. 'ஒரு மழை நாள்' என்று தலைப்புக் கொடுத்தபோது மெல்ல ஆரம்பித்தார். வாசலில் நெல் காயும். திடீரென்று மேகம் திரளும். பாட்டி ஒரு குரல் கொடுத்தால் தெருவே ஓடி வந்து அள்ளும். "தம்பி, அறுவடைக்கு என்ன சொல்லணும்?" என்று நடுவில் கேட்டார். "ஹார்வெஸ்ட்" என்றேன். தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்த அந்தச் சொல்லை அவர் இன்னும் மறக்கவில்லை. எதிரில் இருந்த வியட்நாமியப் பெண், "மை வில்லேஜ் ஆல்சோ! ரைஸ் ஆன் த ரோட்!" என்றார். அப்புறம் இருவரையும் நிறுத்த முடியவில்லை.

அக்கா சொன்னது "மை கிராண்ட்மதர் வில் ஷவுட்". அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பது சுவையான விஷயம். 'அப்போதெல்லாம் பாட்டி கத்துவார், நாங்கள் ஓடுவோம்' என்று பழைய வழக்கத்தைச் சொல்லவும் தமிழில் எதிர்கால வினையைத்தான் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'வுட்' வர வேண்டும். கதை முடிந்த பிறகு அந்த ஒன்றை மட்டும் திருத்தினோம்.

அதே கதையை மூன்று பேரிடம் சொல்ல வைப்போம்: முதலாமவருக்கு 4 நிமிடம், அடுத்தவருக்கு 3, கடைசியில் 2. மொழிக் கல்விப் பேராசிரியர் பால் நேஷன் 1989இல் இந்த முறையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மூன்றாம் முறை சொல்லும்போது தயக்கம் குறைவதை நீங்களே கேட்கலாம்.

கேட்பவருக்கும் வேலை உண்டு. நடுவில் திருத்தக்கூடாது, கதை முடிந்ததும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இங்கே வானொலி அனுபவம் எனக்கு உதவுகிறது. "பயமாக இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று மட்டும் பதில் வரும். "அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் கதை வரும். ஆனால் ஒலிபரப்பில் நாங்கள் அஞ்சும் மௌனம் வகுப்பில் தேவை. ஐந்து விநாடி பொறுத்தால் சொல் தானாக வந்து சேரும்.

ஓர் எச்சரிக்கை. 'வாழ்க்கையில் மிகச் சோகமான நாள்' போன்ற தலைப்புகள் வேண்டாம். ஊரில் கடனையும் நோயையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இருப்பார்கள். முதல் சம்பளம், அடுப்படி வாசனை, சிங்கப்பூரில் ஏறிய முதல் பேருந்து போன்றவை போதும். பிடிக்காவிட்டால் 'பாஸ்' சொல்லவும் உரிமை உண்டு.

"நெல் கதையை உங்கள் பையனிடம் சொன்னீர்களா?" என்று அக்காவைக் கேட்டேன். "எங்க தம்பி, நான் இங்கிலீஷ்ல வாயத் தொறந்தாலே சிரிக்கிறான்" என்றார். பையன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். பாட்டியின் வாசலைப் பற்றி அவனுக்கு எதுவுமே தெரியாது.

நம்மில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. பிள்ளைகளே, அம்மாவோ அப்பாவோ ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லத் தொடங்கினால் முடியும்வரை காத்திருங்கள். பிறகு "வாட் ஹேப்பன்ட் நெக்ஸ்ட்?" என்று கேளுங்கள். ஒரு பிழையை மட்டும், அதுவும் அவர் கேட்டால், சொல்லிக் கொடுங்கள். பெற்றோரே, ஆங்கிலம் முட்டுகிற இடத்தில் தமிழில் சொல்லுங்கள். அந்தச் சொற்களைப் பிள்ளையும் கற்றுக்கொள்ளட்டும். இன்று இரவு சாப்பாட்டு மேசையில் பத்து நிமிடம் போதும். தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிடுங்கள்.