ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கம் காவலூர் வானாய்வகத்துக்குப் போகிறவர்கள் பெரிய தொலைநோக்கியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து 1988 பிப்ரவரி 17 அன்று ஆர்.ராஜமோகன் கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது. அதன் வரிசை எண் 4130.

ராமானுஜன் என்றாலே 1729, டாக்ஸி என்று ஆரம்பித்துவிடுவோம். அது சின்ன எண்ணுங்க. இந்த வாரம் பெரிசாக ஒன்று: 2,93,31,86,25,600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

முதலில் 12 லட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேருக்கு உடைக்காமல் பங்கு வைக்கலாம். 1, 12 இரண்டையும் சேர்த்தால் 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 24, 60, 360 எல்லாம் இதே ஜாதிதான். தனக்குக் கீழுள்ள அத்தனை எண்களையும் காரணிக் கணக்கில் தோற்கடிப்பவை.

நம் பெரிய எண்ணும் அப்படித்தான். 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5, 7 இரண்டையும் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19-ஐ ஒவ்வொரு முறை போட்டுப் பெருக்கினால் இது வரும். காரணி எத்தனை? 2-ஐ ஒன்றுகூட எடுக்காமலும் விடலாம், ஆறு வரைக்கும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. இப்படியே 7×5×3×3×2×2×2×2. விடை 5040.

வேடிக்கை இனிமேல்தான். 5040-உம் அதே ஜாதி. அதற்கு 60 காரணிகள். 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. எல்லாமே அந்தக் குடும்பத்து ஆட்கள்!

ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய எண்களை ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி வரை பட்டியல் போட்டார். மொத்தம் 102. கணினி ஏது அப்போது? எல்லாம் கைக்கணக்கு. அதில் ஒன்றே ஒன்று விடுபட்டது, இந்த 29,331 கோடிச் சொச்சம். நூற்று மூன்றில் ஒன்று! நமக்கு மளிகைப் பட்டியலிலேயே இரண்டு சாமான் விட்டுப்போகிறது.

அந்தக் கட்டுரையும் முழுசாக வரவில்லை. லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணக் கஷ்டம் என்பதால் ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள். அது அச்சேறியது 1997-இல்! ஆனாலும், கல்லூரித் தேர்வில் இங்கே தேறாத ராமானுஜனுக்கு 1916-இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்குத்தான்.

போனில் கால்குலேட்டரைத் திறந்து, விடுபட்ட எண்ணை 1729-ஆல் வகுத்துப் பாருங்கள். 16,96,46,400, மீதியே இல்லை. 1729 என்பது 7×13×19, மூன்றும் உள்ளே இருக்கின்றன. காவலூர்க் குறுங்கோளின் 4130-ஆல் வகுத்தால் மட்டும் புள்ளி வைத்து நீளும். 4130-க்குள் ஒரு 59 ஒளிந்திருக்கிறது. நம் எண்ணுக்குள் அது இல்லை.