முப்பது வினாடிப் பொருநை

எங்கள் பக்கத்தில் படித்துவிட்டு வேலை கிடைக்காத பையன் முன்பெல்லாம் பி.எட். சேருவான்; இல்லாவிட்டால் பாளையங்கோட்டையில் குரூப் ஃபோர் கோச்சிங் போவான். இப்போது சேனல் ஆரம்பிக்கிறான். அதிலும் டிராவல் சேனல். ஊர் ஊராகச் சுற்றலாம், வாய்க்கு ருசியாகத் தின்னலாம், அதற்குக் காசும் வரும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆரம்பிக்கட்டும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் வயிற்றெரிச்சல் வேறு. ஊர் விவரம் தெரிந்தவன் என்று யாரோ என்னைப் பற்றிக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதனால் கேமராவைத் தூக்கியவன் எல்லாம் என் வாசலுக்கு வருகிறான். "அண்ணாச்சி, ஒரே நாள்தான் இருக்கு. திருநெல்வேலில யாருக்கும் தெரியாத நாலு ஸ்பாட் சொல்லுங்க." சொல்கிறேன். பவ்யமாகக் குறித்துக்கொள்கிறான். வீடியோ வந்ததும் பார்த்தால் அல்வாக் கடை வரிசை, நெல்லையப்பர் கோயில் இசைத்தூண், அகத்தியர் அருவி, மணிமுத்தாறு. நடுவில் அரிவாளை வைத்து ஒரு ஜோக். தலைப்பு மட்டும் 'யாருக்கும் தெரியாத நெல்லை'.

பொதிகை மலையில் பூங்குளம் தொடங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும் வரை எங்கள் பொருநை, அதாவது தாமிரபரணி ஆறு, சுமார் 125 கிலோமீட்டர்தான். பிறப்பதும் தமிழ்நாட்டில், கடலில் சேர்வதும் தமிழ்நாட்டில். 1986-ல் தூத்துக்குடி பிரியும் வரைக்கும் முழு ஆறும் ஒரே மாவட்டத்துக்குள் ஓடியது. காலையில் பாபநாசத்தில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் கடற்கரைக்குப் போய்விடலாம். வழியில் கல்லிடைக்குறிச்சி அப்பளம், அதைத் தாண்டினால் சேரன்மகாதேவி, கிழக்கே போனால் நவதிருப்பதி. முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூரில் 1876-லேயே ஜெர்மனியிலிருந்து யாகோர் என்பவர் வந்து தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கு எடுத்துப் போனார். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் தேடி வந்த இடத்துக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கிய பையன் போக மாட்டேன் என்கிறான். "பானைதான அண்ணாச்சி, வியூஸ் வராது."

திருப்புடைமருதூரைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. கடனாநதி தாமிரபரணியில் கலக்கிற இடம். ஐந்து நிலைக் கோபுரத்துக்கு உள்ளே ஏறினால் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும். ஆற்றங்கரை மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன என்பதால், இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகம் என்ற அறிவிப்பு 2005-ல் இந்தச் சின்ன ஊருக்குத்தான் கிடைத்தது. போனவர்கள் உண்டு. போய் ஆற்றில் குதித்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கூந்தன்குளத்தில் பறவைகள் மிரளும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தக் குளத்துக்கு மேலே ட்ரோன் விடலாமா என்று ஒருத்தன் என்னிடமே கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

இவர்களை எல்லாம் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். என் அக்காள் மகனும் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்ததில்தான் விவகாரம் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவன். சோம்பேறி இல்லை, வாசிக்கிற பையன். அவனைப் பத்தமடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, நார் நாராகக் கிழித்து, ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காய வைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். உயர் ரகப் பாய் என்றால் மாதக்கணக்கில் ஆகும். நெய்கிற அம்மா பேசிக்கொண்டே இருந்தார். இவனும் மணிக்கணக்கில் எடுத்தான். வீட்டுக்கு வந்து அதை வெட்டிக் காட்டினான். கோரை ஊறுவது மூன்று வினாடி.

"ஏலே, அது நாள்கணக்கா ஊறுதுலே."

"ஊறட்டும் மாமா. பாக்குதவன் ஊற மாட்டாம்லா."

அப்புறம் அவன் கணக்குச் சொன்னான். யூடியூபில் விளம்பரக் காசு வர ஆரம்பிக்க ஆயிரம் சந்தாதாரர் வேண்டும். அதோடு பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்காயிரம் மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருத்தர் சராசரியாக மூன்று நிமிடம் பார்த்தால் எண்பதாயிரம் தடவை ஓட வேண்டும். ஷார்ட்ஸ் வழியாகப் போகலாம் என்றால் தொண்ணூறு நாளில் ஒரு கோடிப் பார்வை. இதெல்லாம் ஆன பிறகும் நீள வீடியோவின் விளம்பரத்தில் 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45 சதவீதம் எடுத்தவனுக்கு. நூறு டாலர் சேர்ந்தால்தான் கையில் கொடுப்பார்கள். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் அங்கேயே ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். தெரு முனையில் பஜ்ஜிக் கடை போடுகிறவனுக்குக்கூட முதல் நாளே கல்லாவில் சில்லறை விழும். இவனுக்கு வருடம் முழுக்கக் கைக்காசு. கோயில்பட்டி தாண்டிப் போக வேண்டுமென்றால் பெட்ரோலுக்கு அக்காவிடம் நிற்கிறான்.

ஆக, ஒரு ஊரில் நான்கு நாள் தங்கி, பேசி, பழகி எடுக்கிறவனுக்கு நஷ்டம். ஒரே நாளில் நான்கு இடத்தைத் தொட்டுவிட்டு ஓடுகிறவனுக்கு லாபம். தங்காமல் போவதற்குத்தான் இந்தத் தொழிலில் கூலி. என்னைக் கொதிக்க வைப்பது இதுதான்.

இவன் சேனலுக்குக் காசு வர வழி செய்தது எது தெரியுமா? பத்தமடையும் இல்லை, திருப்புடைமருதூரும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியதைக் கரையில் நின்று செல்போனில் எடுத்துப் போட்டான். அதுவரை அவன் எடுத்தது எல்லாம் சேர்ந்து பார்க்காத கூட்டத்தை அந்த ஒரு வீடியோ பார்த்தது. அந்தக் கோயில் ஆற்றுக்குள் இருக்கிறது, வெள்ளம் வந்தால் மூழ்கும், உற்சவர் முன்கூட்டியே மேலே போய்விடுவார் என்பதை விளக்கி அவன் போட்ட இன்னொரு வீடியோவை யாரும் சீண்டவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு வயல் என்ன ஆனது, வாழை என்ன ஆனது என்று எடுக்கப் போனான். அதையும் சீண்டவில்லை.

மாஞ்சோலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மஞ்சு, தேயிலை, வளைவுப் பாதை, பின்னால் ஒரு புல்லாங்குழல். 'நெல்லையின் மினி ஊட்டி.' எத்தனை வீடியோ! சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் பாம்பே பர்மா நிறுவனம் 99 வருடக் குத்தகைக்கு வாங்கிய 8,373 ஏக்கர் அது. குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-ல் அந்த நிறுவனம் எஸ்டேட் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பியது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள் மலையை விட்டு இறங்க வேண்டி வந்தது. அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன், 1999 ஜூலை 23 அன்று, அவர்களுக்காக நடந்த ஊர்வலம் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகம் பக்கம் வந்தபோது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். அதில் ஒரு குழந்தை. அந்தக் கரைக்கு அருகேதான் 1843-ல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் நிற்கிறது. இன்றைக்கு அதன் மேல் நின்று ரீல்ஸ் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். சோகத்தை மட்டும் காட்டு என்று நான் சொல்லவில்லை. கீழே ஓடுகிற தண்ணீரைப் பற்றி ஒரு வாக்கியம் தெரிந்திருக்க வேண்டாமா? மலையில் மஞ்சைக் காட்டுகிறவன், காலியாகிப் போன தொழிலாளர் லயன் வீட்டைக் கேமரா தாண்டும்போது ஒரு நொடி நிற்க வேண்டாமா?

காசில்லாமல்தான் இப்படி ஆகிறது என்றும் சொல்ல முடியவில்லை. பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படத்துக்காகக் கண்டம் கண்டமாகப் போய் ஒரு லட்சம் மைல் அலைந்து துண்டுப் படங்களைச் சேகரித்தார். 1940-ல் படம் வெளிவந்தது. அவருக்கும் யாரும் முன்கூட்டிப் பார்வைக் கணக்குக் கொடுக்கவில்லை. எங்கள் ஊர் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், கலெக்டராக ஓய்வு பெற்ற மனுஷர், கோயில் கோயிலாகப் போய் 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதினார். கல்கி பத்திரிகையில் வாரா வாரம் ஜனங்கள் காத்திருந்து படித்தார்கள். அவர் ஒரு கோயிலுக்குப் போகிற வழி, இறங்க வேண்டிய ஸ்டேஷன், வண்டி கிடைக்குமா கிடைக்காதா என்பது உட்பட உட்கார்ந்து பேசுகிற தோரணையில் சொல்வார். இன்றைக்கு டிராவல் வீடியோ எடுக்க வருகிறவனுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. என் வாசலுக்கு வந்தவர்களில் அதைப் படித்தவன் என் மருமகன் ஒருத்தன்தான்; அதுவும் நான் பிடுங்கி எடுத்துக் கையில் திணித்ததால்.

டிவி பக்கம் போனால் விடிவு உண்டோ என்று அதையும் பார்த்தான். ஒரு சேனலில் பயண நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். பேசச் சொன்னார்களாம். பேசினான். "உங்க திருநெல்வேலி ஸ்லாங் சூப்பர் தம்பி, காமெடி ஷோவுக்கு வர்றீங்களா?" என்று கேட்டார்களாம். ஊரைச் சுற்றிக் காட்டுகிறவன் மட்டும் எந்த ஊர்க்காரனும் பேசாத தமிழில் பேச வேண்டும். எங்கள் பேச்சு சிரிக்க வைக்க மட்டும். அது போக, நிகழ்ச்சியில் பாதி நேரம் ஸ்பான்சர் ரிசார்ட்டின் நீச்சல் குளத்தைப் புகழ வேண்டுமாம். திரும்பி வந்துவிட்டான். எங்கள் மலையின் பெயரை வைத்துக்கொண்டிருந்த அரசுத் தொலைக்காட்சியும் 2024-ல் 'பொதிகை' போய் 'டிடி தமிழ்' ஆகிவிட்டது. போகட்டும்.

கடைசியாக இந்த அனுமதி விவகாரம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் கேமராவோடு போக வனத்துறையைக் கேட்க வேண்டும். நியாயம்தான், புலி இருக்கிற காடு. கோயில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதுவும் சரி, சன்னிதியில் நின்று ஆடியவர்கள் நம்மாட்கள்தானே. ட்ரோன் என்றால் 250 கிராமுக்குக் கீழே இருந்தால் பைலட் சான்றிதழ் வேண்டாம், ஆனால் எங்கே பறக்கலாம் என்பது வேறு கணக்கு. தெற்கே கூடங்குளம் அணு உலை, மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம். இந்த மாவட்டத்தில் வானத்தைப் பார்த்துக் கேமராவைத் தூக்கவே யோசிக்க வேண்டும்.

கட்டுப்பாடு இருக்கட்டும். யாரைக் கேட்பது என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா? என் மருமகன் ஒரு பழைய கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களை எடுக்க முறைப்படி மனுக் கொடுத்தான். கொடுத்த இடத்தில் "மேலே கேளுங்க" என்றார்கள். மேலே போனால் "அங்கேயே சொல்லுவாங்களே" என்றார்கள். கட்டணம் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதே வாரம் இன்னொருத்தன் காவலாளி டீ குடிக்கப் போன நேரத்தில் உள்ளே புகுந்து எடுத்துப் போட்டுவிட்டான், ஓவியத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டே. மனுக் கொடுத்தவன் வெறும் கையோடு நிற்கிறான், வேலி தாண்டியவன் வீடியோ ஓடுகிறது. இப்படி இருந்தால் ஒழுங்கான பையன்கள் எங்கே போவார்கள்? அனுமதி கேட்க வேண்டாத அல்வாக் கடை வாசலுக்குத்தான் போவார்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் சுற்றுலாத் துறைக்கும் அறநிலையத் துறைக்கும் வனத்துறைக்கும் சேர்த்து ஒரு விண்ணப்பம். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை கேமராவுக்கு எங்கே அனுமதி உண்டு, எங்கே கிடையாது, எந்த அலுவலகத்தில் யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் பதில் வரும் என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் அச்சடித்து, திருநெல்வேலி ரயில் நிலையத்திலும் புதிய பஸ் ஸ்டாண்டிலும் அம்பாசமுத்திரத்திலும் ஒட்டிவையுங்கள்.