மாணிக்கக் குழியும் மலையகக் காணியும்

கண்டி மாநகரின் மாணிக்கக்கல் விற்பனை நிலையங்களில் நீலக்கல் வாங்க வருவோர், அது அசலா, சூடேற்றப்பட்டதா, எத்தனை கரட் என்றெல்லாம் விசாரிப்பார்கள். அது எவருடைய காணியில், என்ன நிபந்தனையில் தோண்டப்பட்டது என்று கேட்போர் அரிது. வைரத்தைப் பொறுத்தவரை உலகம் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. சியரா லியோன், அங்கோலா ஆகிய நாடுகளின் உள்நாட்டுப் போர்களுக்கு வைரம் பணம் தேடிக் கொடுத்ததன் விளைவாக உருவான கிம்பர்லி நடைமுறை 2003ஆம் ஆண்டில் அமுலுக்கு வந்தது. இலங்கையும் அதில் அங்கம் வகிக்கின்றது. ஆயினும் அந்த நடைமுறை பட்டை தீட்டப்படாத வைரத்திற்கு மட்டுமே உரியது. மாணிக்கக்கல்லுக்கு அவ்வாறான சர்வதேச ஏற்பாடு எதுவும் இல்லை.

நமது நாட்டில் மாணிக்கக்கல் போருக்குப் பணம் கொடுத்தது என்று நாம் கூற வரவில்லை. மலையகத்தின் பிரச்சினை வேறு. இங்கு இனவன்செயல்களும் அரசின் சட்டங்களும் சேர்ந்து ஒரு சமூகத்தைக் காணியற்றதாக வைத்திருக்கின்றன. காணியற்றவருக்கு மாணிக்கக்கல் அகழும் அனுமதிப்பத்திரம் கிடைப்பதில்லை.

1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையே இவ்வனுமதியை வழங்குகின்றது. அதற்குக் காணி உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அகழ்ந்த பின் குழியை மூடுவதற்கு உத்தரவாதமாக ஒரு தொகையை வைப்பிலிட வேண்டும். இரத்தினபுரியிலும், கண்டிக்கு வடக்கே அம்பன் கங்கையை அண்டிய எலஹெரவிலும் சிறு அளவிலான அகழ்வு நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. மரச் சட்டங்களும் தழைகளும் கொண்டு குழியின் சுவரைத் தாங்க வைத்து, ‘இல்லம்’ எனப்படும் கல் செறிந்த மண்படையை வெளியே எடுத்து, கூடையிலிட்டு அலசுவார்கள். காணிக்காரர், அனுமதிப்பத்திரம் பெற்றவர், நீரிறைக்கும் இயந்திரத்தின் சொந்தக்காரர், குழியில் இறங்குபவர் என ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் கல்லில் பங்குண்டு. குறைகள் பலவுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தொழிலாளியைப் பங்காளியாக ஏற்றுக்கொள்ளும் ஒரு முறை நம்மிடமே இருக்கின்றது.

தோட்டத் தொழிலாளிக்கு அந்த வாசல் திறக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோதும், அங்கு உழைத்தவர்களின் கைக்குக் காணி வரவில்லை. 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் கண்டி, மாத்தளைத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தஞ்சமடைந்தனர். எஞ்சியோர் இன்றும் பெரும்பாலும் லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர். வீடமைப்புத் திட்டங்களில் கிடைத்த ஏழு பேர்ச்சும் பத்துப் பேர்ச்சும் ஒரு கூரைக்கே போதுமானவை. 2024ஆம் ஆண்டில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் அன்றைய விலைவாசிக்கே ஈடுகொடுக்கவில்லை. இந்நிலையில் ஒரு சிறு கல் கிடைத்தால் கடன் தீரும் என்று இளைஞர்கள் இரவில் மண்வெட்டியுடன் இறங்குவதில் வியப்பென்ன?

கண்டிக்குத் தெற்கே பொகவந்தலாவையிலும் நோர்வூட்டிலும் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வில் ஈடுபட்டோர் கைது என்ற செய்தி ஆண்டுதோறும் வருவதுதான். மண் சுமந்தவர் நீதிமன்றத்தில் நிற்கிறார். பணம் போட்டவரும் கல்லை வாங்கியவரும் அங்கு நிற்பதை நாம் அதிகம் காண்பதில்லை.

சேதம் நதிக்கும் உண்டு. களவாகத் தோண்டுபவர் சட்டமிட மாட்டார், குழியை மூடவும் மாட்டார். கெசல்கமு ஓயாவின் கரைகளில் கிளறப்பட்ட மண் காசல்ரீ நீர்த்தேக்கத்தையே சென்றடைகின்றது. மழைக்காலத்தில் மூடப்படாத குழிகளில் நீர் நிறைந்து கரை இடிகின்றது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் காவுகொண்ட உயிர்களை நினைத்துப் பார்ப்பவர், சரிவுகளில் கண்டபடி குழி தோண்டுவதை நியாயப்படுத்த முடியாது. நாமும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஆண்டாண்டு காலமாகக் கைது செய்தும் நிற்காத ஒன்றை மேலும் கைதுகளால் நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது எவ்வாறு?

போரினால் சிதைந்த சியரா லியோன் மேற்கொண்ட ஒரு முயற்சி இங்கு கவனத்திற்குரியது. வைர ஏற்றுமதியில் அரசு அறவிட்ட 3 சதவீத வரியின் கால் பங்கு, வைரம் தோண்டப்படும் பிரதேசங்களின் அபிவிருத்திக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. எங்கு கூடுதலான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டனவோ அங்கு கூடுதலான பணம் சென்றது. ஆகவே தம் பகுதியில் தோண்டுவோரைச் சட்டத்திற்குள் கொண்டுவருவது உள்ளூர்த் தலைவர்களுக்கே இலாபமாயிற்று. அப்பணம் சில இடங்களில் தலைவர்களின் கைகளிலேயே தங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. கணக்கை ஊர் முன்னிலையில் வைக்கும் நிபந்தனையின்றி நாம் அதைப் பின்பற்றக்கூடாது.

மலையகத்தில் இதற்கு ஒரு வசதியும் உண்டு. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பல தோட்டங்கள் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளன. பிராந்தியக் கம்பனிகள் வைத்திருப்பதும் பெரும்பாலும் அரசின் குத்தகைக் காணியே. சம்மதம் தரவேண்டிய காணிக்காரரும் அரசு, அனுமதிப்பத்திரம் வழங்குவதும் அரசு! தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் இல்லையென அடையாளமிடும் சமநிலங்களில், ஆற்றின் ஒதுக்குப் பகுதிகளையும் நக்கிள்ஸ் வனத்தையும் தவிர்த்து, தோட்ட மக்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சிறு துண்டுகளாக அனுமதி வழங்கலாம். இயந்திரம் கொண்டு அகழ இடமளிக்கக் கூடாது. வைப்புத் தொகையைச் சங்கம் தவணையில் செலுத்த வழிசெய்ய வேண்டும். கல் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட வேண்டும். அப்போது தரகர் இரவில் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிய நிலை இராது.

பெருந்தோட்ட அமைச்சும் மேற்படி அதிகாரசபையும் ஒரே மேசையில் அமர்ந்து, முதலில் மத்திய மாகாணத்தில் இரண்டொரு தோட்டங்களிலாவது இதனைச் செய்து பார்க்க வேண்டும். மலையகப் பிரதிநிதிகள் கைதானவர்களைப் பிணையில் எடுக்க ஓடுவதோடு நின்றுவிடாமல், அந்தச் சம்மதக் கடிதத்தைப் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும்.