மூன்று சூரியன் காயும் திராட்சைத் தோட்டம்

பண்ணைச் சுற்றுலா பற்றி எழுதிக் கேட்கும் வாசகர்கள் பெரும்பாலும் இரண்டு சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? அதில் காசு நிற்குமா? இரண்டுக்கும் விடை தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் இடம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. ஜெனீவா ஏரியின் வடகரையில், லொசான் நகரின் கிழக்கு எல்லையில் தொடங்கி ஷியோன் கோட்டை வரை சுமார் 30 கிலோமீட்டர் நீளும் மலைச்சரிவுக்கு லாவோ என்று பெயர். ஏறக்குறைய 2,000 ஏக்கர், அத்தனையும் கற்கட்டு கட்டிய படிமேடைகள். 2007-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சுற்றுலாக் குழுக்கள் லூட்ரி, குய்யி போன்ற ஏரிக்கரை ஊர்களில் ரயிலிலிருந்து இறங்குகின்றன. நடக்க முடிந்தவர்கள் வழிகாட்டியோடு தோட்டங்களுக்கு நடுவே நடக்கிறார்கள். முடியாதவர்களுக்கு ரப்பர் சக்கரம் பூட்டிய சிறிய சுற்றுலா ரயில் உண்டு. வண்டிப்பாதையிலேயே மெதுவாக மேலேறும். வழிகாட்டி முதலில் காட்டுவது திராட்சைக் குலையை அல்ல, சுவரை. அங்கே எல்லோரும் சொல்லும் ஒரு பேச்சு உண்டு: லாவோவுக்கு மூன்று சூரியன். வானத்துச் சூரியன் ஒன்று. ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இரண்டாவது. பகலெல்லாம் காய்ந்து, இரவில் சூட்டை விடுகிற கற்சுவர் மூன்றாவது. குளிர் நாட்டில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே நிற்கும். அதனால் தெற்குப் பார்த்த சரிவுக்கு மட்டுமே இந்த யோகம். நம்மூர்த் திராட்சைக்கு வெயிலில் குறைவில்லை. இந்தச் சூட்டுக் கணக்கைப் பார்த்துக் கல் அடுக்க வேண்டியதில்லை.

ஆனால் சுவரின் இன்னொரு வேலை எந்த மலைக்காட்டுக்கும் பொருந்தும். அது மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. பதினோராம் நூற்றாண்டிலிருந்து கிறிஸ்தவ மடங்களின் கையில் இருந்த நிலம் இது. துறவிகள் காலத்தில் எழுந்த மேடைகளைப் பின்வந்த குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். சுவர்களை நீட்டிப் போட்டால் 450 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். எவ்வளவு சுவர் கட்டினாலும் மழை மண்ணைக் கீழே இழுக்கத்தான் செய்யும். ஒவ்வொரு மேடையிலும் கீழ்வரிசையில் சேர்ந்த மண்ணை முதுகுக்கூடையில் அள்ளி மேல்வரிசைக்குச் சுமந்து போவது பழைய நாளில் அங்கே வழக்கமான வேலை. மழைத்தண்ணீர் சுவரைத் தள்ளிவிடாமல் இறங்க, கல் பாவிய வாய்க்கால் தனியே விட்டிருக்கிறார்கள். படியாகவும் அதுவே உதவும். கற்கட்டு போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது இந்த வடிகாலைத்தான். தண்ணீருக்கு வழி விடாத சுவர் ஒரு பெருமழையில் வயிறு தள்ளி நிற்கும்.

டிராக்டர் ஏற முடியாத சரிவு என்பதால் கவாத்து, கொடி கட்டுதல், அறுவடை எல்லாம் கைவேலைதான். அறுத்த பெட்டிகளை இறக்க ஒற்றைத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். பல் வைத்த அந்தத் தண்டவாளத்தில் ஒரு சின்ன மோட்டார் வண்டி தொங்கித் தொங்கி இறங்கும். சுற்றுலா வருகிறவர்கள் அதிகம் படம் பிடிப்பது இதைத்தான்!

முக்கிய ரகம் ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் திராட்சையை அழித்த வேர்ப் பூச்சி இங்கும் வந்தது. அதன்பின் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள். அடிச்சாம்பல் நோயும் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதே. அதற்கு மருந்தாகப் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பிறந்ததுதான் இங்கே எல்லா மருந்துக்கடைக்காரருக்கும் தெரிந்த போர்டோ கலவை.

நடை முடிந்ததும் குழு ஒரு பாதாள அறையில் உட்கார்கிறது. சின்னக் கோப்பையில் ஒயின் ஊற்றித் தருகிறார்கள். மது என்று வாசகர்கள் முகம் சுளிக்கலாம். கவனிக்க வேண்டியது விற்பனை முறையை. சுவிஸ் ஒயினில் வெளிநாட்டுக்குப் போவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மற்றதெல்லாம் உள்நாட்டிலேயே விலையாகிறது. மேலே நின்று பார்த்த சுவருக்கும் கொடிக்கும் சேர்த்துத்தான் வந்தவர் புட்டிக்கு விலை கொடுக்கிறார். நடைக்கு வாங்கும் கட்டணத்தைவிடப் பெரியது அவர் வாங்கிப் போகும் புட்டியும், அடுத்த வருடம் அவர் திரும்பக் கேட்பதும். காசு நிற்குமா என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில் இதுதான்: விற்கச் சொந்தப் பொருள் இருந்தால் நிற்கும். வெறும் வேடிக்கை காட்டினால் டீச்செலவுக்குத்தான் காணும். அதோடு, சரிவுத் தோட்டங்களுக்கு அந்த நாட்டு அரசு பரப்புக் கணக்கில் நேரடி உதவித்தொகை தருகிறது. அது இல்லாமல் சுவர்ச் செலவைச் சுற்றுலா மட்டும் தாங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. ஏரி தெரியும் மனைக்கு என்ன விலை என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சரிவும் வீடுகளாக மாறியிருக்கும். ஃப்ரான்ஸ் வெபர் என்ற சுற்றுச்சூழல் போராளி முன்னெடுத்த கோரிக்கையை வோ மாநில மக்கள் 1977-இல் வாக்களித்து ஏற்றார்கள். லாவோவைக் காப்பது சட்டமானது. 2005-இல் மறுபடியும் ஏற்றார்கள். 2014-இல் இன்னும் கடுமையான மூன்றாவது கோரிக்கை வந்தபோது திராட்சை விவசாயிகளே எதிர்த்தார்கள். கொட்டகை போடவும் கட்டடத்தைத் திருத்தவும் வழியில்லாமல் போனால் தோட்டம் காட்சிப் பொருளாகிவிடும் என்பது அவர்கள் வாதம். அந்தக் கோரிக்கை தோற்றது; அரசு வைத்த மிதமான மாற்றுத் திட்டம் வென்றது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்த வழக்கு அது. மனைக்கு விற்றவரும் உண்டு, விற்க மறுத்தவரும் உண்டு என்கிற எந்த ஊருக்கும் இது புரியும்.

பக்கத்து வெவே நகரத்தில், ஏறக்குறைய தலைமுறைக்கு ஒருமுறை திராட்சைத் திருவிழா நடக்கிறது. கடைசியாக 2019-இல் நடந்தது. அதற்கு முன் 1999. அதை நடத்தும் பழைய சங்கத்தின் முதல் வேலை தோட்டங்களைச் சோதித்து மதிப்பெண் போடுவது. அந்த மதிப்பெண் தோட்ட முதலாளிக்கு அல்ல. பிறர் நிலத்தில் கொடி பார்க்கும் தொழிலாளிக்கு. திருவிழாவில் கிரீடம் சூடுவதும் அவரே.