மூளையும் இயக்கமும்

நம்ம புள்ளைங்க சட்டம் படிக்கிறாங்க, சமூகப்பணி படிக்கிறாங்க. நல்லது. ஆனால் மூளைக்கும் உடலசைவுக்குமான உறவை ஆராயும் ஆய்வகத்தில் சேரப் போகிறேன் என்று ஒரு தலித் மாணவி சொன்னால், இயக்கத் தோழர்களே கேட்கிறார்கள்: "அதுல சமூகத்துக்கு என்னம்மா லாபம்?" இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பறையடிப்பவரைப் பாருங்கள். வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சிண்டுக்குச்சி. ஒரு அடி விழும்போதே அடுத்த அடிக்கான ஏற்பாடு மூளையில் நடந்துகொண்டிருக்கிறது. சிறுமூளை நேரத்தைச் சரிபார்க்கிறது. முதுகுத்தண்டு வழியே கட்டளை தசைக்குப் போகிறது. இதைத்தான் மூளை வேண்டாத கைவேலை என்று சாதி ஒதுக்கியது. மூளை அக்ரகாரத்தில், உடம்பு சேரியில் என்று பாகம் பிரித்தது. அந்தப் பாகப்பிரிவினை பொய் என்று காட்டுகிற துறை இது.

1930களில் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், விழித்திருந்த வலிப்பு நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று வரைபடம் போட்டார். அதில் முண்டத்தைவிடக் கைக்கு அதிக இடம். முகமும் நாக்கும் கீழே, கால் உச்சியில்! காலில் பிறந்தவன் கீழானவன் என்றவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? இதை வைத்து நாம் எதிர்ப்புராணம் கட்ட வேண்டாம். 2023இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த வரைபடத்தையே திருத்தினார்கள். கால், கை, வாய் இடங்களுக்கு நடுவே முழு உடலையும் ஒருங்கிணைக்கும் பகுதிகள் இருப்பதைக் காட்டினார்கள். மனு எழுதியதற்குத் திருத்தம் கிடையாது, அறிவியலுக்கு உண்டு. ஆனால் திருத்துகிறவர் உள்ளே இருக்க வேண்டும்.

மூளையின் மின்னலைகளைப் பதிய மின்முனைகள் வைத்த தொப்பியைத் தலையில் மாட்டுவார்கள். கறுப்பின மக்களின் அடர்ந்த சுருள்முடியில் அது சரியாகப் பதியாது. பதிவு சரியில்லை என்று அவர்களைச் சோதனையிலிருந்தே கழித்துவிடுவதும் நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்த ஆர்னெல் எட்டியென் என்ற கறுப்பின மாணவிதான், குழுவோடு சேர்ந்து, பின்னிய முடிக்கு இடையே பொருந்தும் மின்முனையை உருவாக்கினார். மற்றவர்கள் முடியைக் குறை சொன்னார்கள், அவர் கருவியைக் குறை சொன்னார்.

நமக்கும் கேள்விகள் உண்டு. மலக்குழியில் நச்சுவாயு தாக்கி உயிர் பிழைத்தவரின் நடை ஏன் தடுமாறுகிறது? பூச்சிமருந்துக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு உண்டென்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் மருந்தடிக்கும் கூலித் தொழிலாளியின் கைநடுக்கத்தை யார் அளந்து பார்ப்பது? நாம் போகாவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையத்தில், கண்ணையும் கையையும் அசைக்க மூளை எப்படித் திட்டமிடுகிறது என்று ஆராய்கிறார்கள். உயிரியல் மட்டுமல்ல, இயற்பியலும் கணிதமும் பொறியியலும் படித்தவர்களுக்கும் இத்துறையில் இடமுண்டு.

ஆனால் இடஒதுக்கீடு பல்கலைக்கழக வாசல்வரைதான் கூட வருகிறது. ஆய்வகக் கதவைத் திறப்பவர் நெறியாளர். தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் வகுப்பிலும் தேர்விலும் விடுதியிலும் பாகுபடுத்தப்படுவதை 2007இல் தோரட் குழு அறிக்கையாகவே கொடுத்தது. 2008இல், சேலம் பகுதியிலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார், நெறியாளர் ஒதுக்கப்படாத நிலையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். 2016இல் அதே வளாகத்தில் ரோஹித் வெமுலா. ஏழு மாத உதவித்தொகை அவருக்குப் பாக்கி இருந்தது.

மாதம் பிறந்தால் சம்பளம் வரும் பாங்க் வேலையில் இருப்பவன் நான். அந்த நிச்சயத்தின் அருமை தெரியும். அதை விட்டுட்டு அஞ்சு வருசம் ஆய்வுக்குப் போ என்று கூலிவேலை செய்பவர் வீட்டுப் பிள்ளையிடம் சும்மா சொல்லிவிட முடியாது. பின்னால் நாம் நிற்க வேண்டும். நெறியாளரை எத்தனை நாளைக்குள் ஒதுக்குவாய் என்று எழுத்தில் கேட்க வேண்டும். உதவித்தொகை ஒரு மாதம் தவறினாலும் நிர்வாகத்தின் கதவைத் தட்ட வேண்டும். எந்த ஊரில், எந்த ஆய்வகத்தில் நம் பிள்ளை இருக்கிறார் என்ற பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்.

உடலின் அசைவுக்கும் இயக்கம் என்றுதான் பெயர், நம் கூட்டுக்கும் அதே பெயர்தான். உள்ளே போகும் ஒருத்தி தனி ஆள் இல்லை என்பதை அந்த ஆய்வகம் முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும்.