பதிவேட்டில் இருந்த ஒரு வரி

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் பேரப்பிள்ளைகள் தென்காசிக்கு வந்துவிடுவார்கள். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கதை கேட்பார்கள். இந்த வருஷம் எங்கள் குடும்பக் கதையைச் சொன்னேன். என் பூட்டனாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார மிஷனரி என்பது என் தகப்பனார் சொல்லிக் கேட்டது.

"அது எதுல எழுதியிருக்கு தாத்தா?" என்றாள் பேத்தி.

35 வருஷம் சரித்திரம் நடத்தியவனிடம் கேட்கிறாள்! பூர்வீக ஊர்க் கோவிலுக்கு அழைத்துப் போனேன். ஐயரவர்கள் பீரோவைத் திறந்து பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டினார். பூட்டனார் பெயர் இருந்தது. ஆனால் கையெழுத்து ஒரு தமிழ்க் குருவானவருடையது. எங்கள் வெள்ளைக்காரரைக் காணோம். மூன்று தலைமுறை சொன்ன கதை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

ஓய்வுநாள் பாடசாலையில் மிஷனரிமார் கதைகளை மெருகேற்றியே சொல்லிப் பழகிவிட்டோம். லூக்கா தன் சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே, கண்ணால் கண்டவர்கள் சொன்னதை நன்றாக விசாரித்த பிறகே எழுதுவதாகத் தெயோப்பிலுவுக்குச் சொல்கிறார். பிள்ளைகள் விசாரித்தால் மட்டும் அவிசுவாசம் என்று அதட்டுகிறோம்.

அதற்காக, பழைய தாளில் இருப்பதெல்லாம் வேதவாக்கும் அல்ல. கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம் நமக்குப் பொக்கிஷம். ஆனால் 1849-இல் நாடார் சமுதாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினாரே, அது? இடையன்குடியில் அவர்கள் நடுவிலேயே குடியிருந்து, நேரில் பார்த்து எழுதியதுதான். இருந்தும் அவர்களைத் தாழ்வாகவே எழுதினார். அந்தச் சமுதாயத்துக் கிறிஸ்தவர்களே அதை எதிர்த்தார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு கால்டுவெல்லையும் காட்ட வேண்டும். ஒன்றை மறைத்தால், நாளைக்கு வேறு யாரோ காட்டுவார்கள். அப்போது நாம் சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்கள்.

காசி விசுவநாதர் கோவில் கல்வெட்டையும் காட்டலாம். 1446-இல் அந்தக் கோவிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுதுபார்ப்பவர் யாராயிருந்தாலும் அவர் காலில் விழுவதாகப் பாட்டாய்ப் பொறித்து வைத்திருக்கிறான். "நமக்கு எதற்கு அந்தக் கோவில்?" என்று சபையில் சிலர் கேட்பார்கள். நம் ஊர்ச் சரித்திரம்தானே!

பேத்தி அந்தப் பதிவேட்டு வரியை நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தத் தமிழ்க் குருவானவர் எந்த ஊர்க்காரர் என்று இப்போது துளைக்கிறாள். அடுத்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகள் பார்க்க அந்த ஏட்டைக் கொண்டுவர முடியுமா என்று ஐயரவர்களிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.